பால் சங்கத்து வாசல் திரையும் லினக்ஸ் கெர்னலின் கிராபிக்ஸ் பதிவேடும்: ஓராண்டுப் பயன்பாட்டு மதிப்புரை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியை நோக்கிப் போகும் வழியில் உள்ள ஊர்களுள் ஒன்றில் எங்கள் பால் சங்கம் இருக்கிறது. காலை 5.30 மணிக்குப் பால் அளக்கத் தொடங்கும்போது உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்), அன்றைய விலை ஆகிய ஐந்தையும் தமிழிலும் மலையாளத்திலும் காட்டும் பெரிய திரை ஒன்று வாசலில் எரிந்துகொண்டிருக்க வேண்டும். தன் பாலுக்கு என்ன கணக்கு விழுந்தது என்பதை ஊற்றியவரே அந்த இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகச் செய்த ஏற்பாடு இது. அதனால் திரை ஒரு வேளை இருண்டுபோனாலும் சங்கத்தின் மீதுள்ள நம்பிக்கை குறைகிறது. பரிசோதகரின் மேசையில் சிறிய திரை ஒன்றும் உண்டு. இரண்டையும் இயக்குவது இன்டெல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட பழைய மேசைக் கணினி. அதில் ஓடுவது லினக்ஸ். எழுத்துகளை வரைந்து திரைக்கு அனுப்பும் சிறு நிரலை எழுதியவன் நான்.

திரையின் தரத்தைப் பற்றியோ கணினியின் வேகத்தைப் பற்றியோ இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கிராபிக்ஸ் சாதனத்தை லினக்ஸ் கெர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) தன் சாதனக் கணக்கில் எப்படிப் பதிந்துகொள்கிறது, அந்தப் பதிவை நம்பி நம்மைப் போன்றவர்கள் நாள்தோறும் நடக்கும் ஒரு வேலையைக் கட்ட முடியுமா என்பதே என் கேள்வி. விலை கொடுத்து வாங்கும் பொருள் அன்று என்றாலும், ஓராண்டுக் காலமாக இருவேளையும் பயன்படுத்திய ஒன்றை மதிப்பிடுவது பிறருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலோடு லினக்ஸுக்கு ஒரு சீரான சாதன அமைப்பு கிடைத்தது. கெர்னல் நிரலாளர்கள் டிவைஸ் மாடல் என்று சொல்வது இதைத்தான். பேட்ரிக் மோச்செல் என்பவர் அதன் முதன்மை ஆசிரியர்களுள் ஒருவர். கணினியில் உள்ள ஒவ்வொரு சாதனமும் ஒரு மரத்தின் கிளையாகிறது. எந்தப் பஸ்ஸில் (இணைப்புத் தடத்தில்) தொங்குகிறது, எந்த டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) அதை ஏற்றிருக்கிறது, எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பவை எல்லாம் அந்த மரத்தில் குறிக்கப்படுகின்றன. இன்டெல் கிராபிக்ஸ் என்றால் பிசிஐ பஸ்ஸில் 8086 என்ற தயாரிப்பாளர் எண்ணோடு ஒரு சாதனம் தென்படும். அந்த எண்ணைத் தனக்குரியது என்று அறிவித்திருக்கும் டிரைவரைக் கெர்னல் தேடிப் பிடித்து, சாதனத்தைத் தொடங்கிவைக்கும் அதன் புரோப் செயற்கூற்றை அழைக்கும். இந்த மரத்தைச் சிஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையாக நாமே திறந்து பார்க்கலாம்.

கிராபிக்ஸ் மட்டும் நெடுங்காலம் இந்த ஒழுங்குக்கு வெளியே நின்றது. எக்ஸ் சர்வர் என்ற பயனர் நிரலே ரூட் என்ற முழு அதிகாரத்தோடு நேராக வன்பொருளைத் தொட்டுத் திரையின் அளவையும் நிறத்தையும் அமைத்துவந்தது. 2009 மார்ச்சில் வெளிவந்த 2.6.29 கெர்னலில், இன்டெல் கிராபிக்ஸிலிருந்து தொடங்கி, திரை அமைக்கும் பொறுப்பைக் கெர்னலே எடுத்துக்கொண்டது. இன்று அந்தப் பொறுப்பு டி.ஆர்.எம். (டைரக்ட் ரெண்டரிங் மேனேஜர்) என்று சுருக்கமாக அழைக்கப்படும் கெர்னல் பிரிவிடம் இருக்கிறது. ஒலி அட்டையையோ வலை அட்டையையோ போலக் கிராபிக்ஸ் அட்டையும் இப்போது மரத்தில் தன் இடத்தில் நிற்கிறது. எங்கள் சங்கத்து நிரல் எக்ஸ் சர்வரோ டெஸ்க்டாப்போ இல்லாமல் நேராகக் கெர்னலிடம் பேசித் திரையை எரிய வைப்பது இந்த மாற்றத்தால்தான் சாத்தியமாயிற்று.

பதிவு நடக்கும் வரிசையே இந்த அமைப்பின் உயிர் என்று நான் கருதுகிறேன். டிரைவர் முதலில் தன் சாதனத்துக்கான நினைவிடத்தை ஒதுக்குகிறது. பிறகு பதிவகங்களை அமைக்கிறது, இன்டரப்டைக் கோருகிறது, எச்டிஎம்ஐ முதலான கனெக்டர்களை உருவாக்குகிறது. இவை அனைத்தும் முடிந்து, இனி யார் வந்து கேட்டாலும் விடை சொல்ல முடியும் என்ற நிலைக்கு வந்த பின்னரே டி.ஆர்.எம். டெவ் ரெஜிஸ்டர் என்ற செயற்கூற்றை அழைக்க வேண்டும். அந்த அழைப்பு நிகழ்ந்த கணத்தில்தான் சாதனம் வெளியுலகுக்குத் தெரிகிறது. டெவ் அடைவில் டிஆர்ஐ என்ற உள்ளடைவில் கார்டு0 என்பது போன்ற பெயரோடு ஒரு முனையும் (நிரல்கள் சாதனத்தைத் திறக்கப் பயன்படுத்தும் கோப்பு), கணக்கிடும் வசதி இருந்தால் ரெண்டர்டி128 என்பது போன்ற மற்றொரு முனையும் தோன்றுகின்றன. சிஸ்எஃப்எஸ்ஸில் கனெக்டர்கள் வரிசையாக வருகின்றன. சாதனங்கள் வருவதையும் போவதையும் கவனிக்கும் யூடெவ் என்ற நிரலுக்குச் செய்தி போகிறது. அது கார்டு முனையை வீடியோ குழுவுக்கும் ரெண்டர் முனையை ரெண்டர் குழுவுக்கும் உரிமையாக்குகிறது. எங்கள் நிரல் ரூட் அதிகாரம் இல்லாமல், வீடியோ குழுவில் உள்ள சாதாரணப் பயனராகவே ஓடுகிறது. பொது இடத்தில் வைத்த கணினிக்கு இது சிறிய பாதுகாப்பு அன்று.

இந்த வரிசை பிசகினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பரிசோதகரின் மேசைக்கு முதலில் வாங்கியது ஒரு சிறு பேனல். விற்றவர்கள் அதற்கான டிரைவரைத் தனியாக ஒரு ஜிப் கோப்பில் கொடுத்தார்கள். பொருத்திய பிறகு நான்கு அல்லது ஐந்து முறை கணினியை எழுப்பினால் ஒரு முறை அப்படியே உறைந்துபோகும். விசைப்பலகைக்கும் அசையாது, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பது ஒன்றே வழி. பாலை ஊற்றிவிட்டு ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் வரிசையில் நிற்கையில் இப்படி நேர்ந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு இரவுகள் உட்கார்ந்து அந்த டிரைவரின் மூல நிரலைப் படித்தேன். அது டி.ஆர்.எம். பிரிவையே தொடாமல், எஃப்பி-டெவ் என்ற பழைய வாசல் வழியாகத் தன்னைப் பதிந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரிய பிழை, புரோப் செயற்கூற்றின் நடுவிலேயே பதிவை முடித்துவிட்டு, அதன் பிறகு பேனலுக்கான நினைவிடத்தை ஒதுக்கியதுதான். என் நிரலோ யூடெவ் செய்தி வந்தவுடன் முனையைத் திறந்து எழுதத் தொடங்கும். பதிவுக்கும் நினைவிட ஒதுக்கீட்டுக்கும் இடையே உள்ள மிகச் சிறிய இடைவெளியில் என் நிரல் உள்ளே நுழைந்துவிட்டால், கெர்னல் இல்லாத முகவரியில் எழுதப் போய் விழுந்துவிடுகிறது. பதிவு அழைப்பு இருந்த ஒற்றை வரியை வெட்டி, செயற்கூற்றின் கடைசியில் ஒட்டினேன். உறைவது நின்றுபோனது.

இந்த வகைப் பிழைக்கு டி.ஆர்.எம். பிரிவும் ஒரு காலத்தில் இடம் கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லோட் என்ற பழைய கால்பேக் (டிரைவர் எழுதிக் கொடுக்க, கெர்னல் அழைக்கும் செயற்கூறு) ஒன்று உண்டு. முனைகள் வெளியே தெரிந்த பிறகு எஞ்சிய தொடக்க வேலைகளைச் செய்ய அது அனுமதித்தது. புதிய டிரைவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கெர்னல் ஆவணமே இப்போது காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறது. தவறான வடிவமைப்பை மறைக்காமல், எதனால் தவறு என்று எழுதி ஒதுக்கும் இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்தது எண்களைப் பற்றிய சிக்கல். இது முழுக்க என் தவறுதான் என்றாலும், இந்த அமைப்பைப் புதிதாகத் தொடும் எல்லோரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். என் அமைப்புக் கோப்பில் கார்டு0 என்று நேராக எழுதி வைத்திருந்தேன். பல மாதங்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு சனிக்கிழமை இரவு கெர்னலைப் புதுப்பித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிறு விடியற்காலையில் வாசல் திரை வெறும் கறுப்பாக நின்றது. வரிசையின் முன்னால் நின்ற பாட்டி, "ஏங் கண்ணு, போர்டு இன்னைக்குத் தூங்குதா?" என்று கேட்டார். அன்று முழுவதும் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம்.

கெர்னல் பதிவுச் செய்திகளைத் தேடிப் பார்த்தபோது விடை ஒரே வரியில் இருந்தது: இன்டெல் கிராபிக்ஸுக்கான ஐ915 டிரைவர் 0000:00:02.0 என்ற சாதனத்துக்காக மைனர் 1 இல் தொடங்கப்பட்டது என்று அந்த வரி சொன்னது. மைனர் என்பது கார்டு என்ற பெயரோடு சேரும் எண். முந்தைய நாள் வரை மைனர் 0 என்று இருந்த இடம் அது. மைனர் 0 எங்கே போனது என்று மேலே தேடினால், சிம்பிள்டிஆர்எம் என்ற மற்றொரு டிரைவர் அதை எடுத்திருந்தது. கணினி எழும்போது ஃபெர்ம்வேர் அமைத்துவைத்த திரையை, உரிய டிரைவர் வந்து சேரும் வரை தாங்கிப் பிடிப்பது இதன் வேலை. 2021 இல் 5.14 கெர்னலில் சேர்ந்தது. புதுப்பித்தலுக்குப் பிறகு எங்கள் கணினியிலும் அது இயங்கத் தொடங்கியிருக்கிறது. இன்டெல் டிரைவர் வந்ததும் சிம்பிள்டிஆர்எம் விலகிக்கொள்கிறது. அப்படியானால் அந்த 0 இன்டெல்லுக்குத்தானே கிடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கிடைக்காததற்கான காரணத்தை மூல நிரலில் பார்த்தபோதுதான் இந்த அமைப்பு எனக்கு உண்மையாகப் புரிந்தது. முனை வெளியே தெரிவது பதிவின்போது என்றாலும், அதற்கான எண் ஒதுக்கப்படுவது அதற்கு வெகு முன்னதாக, சாதனத்துக்கு நினைவிடம் ஒதுக்கும் கட்டத்திலேயே நடந்துவிடுகிறது. இன்டெல் டிரைவர் தன் எண்ணைக் கேட்கும் நேரத்தில் சிம்பிள்டிஆர்எம் இன்னும் 0 ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனவே 1 கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் முன்னவர் வெளியேற்றப்படுகிறார். எங்கள் சங்கத்தில் விடியுமுன்பே கேனைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு மாட்டைக் கவனிக்கப் போய்விடுவார்கள். கேன் வைத்த வரிசைதான் கணக்கு, ஆள் எப்போது வந்தாலும் சரி. கார்டு எண்ணும் இப்படிப்பட்ட கேன் வரிசைதான். இன்று மூன்றாவதாக நின்றவர் நாளை முதலாவதாக நிற்கலாம் என்பது தெரிந்துதான் பால் கணக்கை உறுப்பினர் எண்ணில் எழுதுகிறோம்.

அந்த உறுப்பினர் எண்ணுக்கு நிகரானதும் கெர்னலிலும் யூடெவ்விலும் முன்னமே இருந்தது; நான்தான் தேடவில்லை. டிஆர்ஐ அடைவுக்குள் பை-பாத் என்று ஓர் உள்ளடைவு இருக்கிறது. சாதனம் மரத்தில் எந்த இடத்தில் தொங்குகிறதோ அந்த இடத்தையே பெயராகக் கொண்ட இணைப்புகள் அங்கே உள்ளன. இன்டெல் உள்ளமைந்த கிராபிக்ஸ் வழக்கமாக அமர்வது பிசிஐ முகவரி 00:02.0 இல். அந்த முகவரியைக் கொண்ட இணைப்பை அமைப்புக் கோப்பில் எழுதினேன். அதன் பிறகு பல முறை கெர்னல் மாறியிருக்கிறது. எண்ணும் ஓரிரு முறை மாறியது. திரை ஒரு நாளும் அணையவில்லை. மரத்தில் உள்ள இடம் வன்பொருளைச் சார்ந்தது, எண் வந்து சேர்ந்த வரிசையைச் சார்ந்தது என்ற இந்த வேறுபாட்டைத் தொடக்க நிலை வழிகாட்டிகள் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் படித்த எடுத்துக்காட்டு நிரல்களில் பெரும்பாலானவை கார்டு0 என்றுதான் எழுதுகின்றன.

மீனாட்சிபுரம் பக்கத்தில் மற்றொரு சங்கத்துக்கு ராஸ்பெர்ரி பை 4 வைத்து இதே ஏற்பாட்டைச் செய்து கொடுத்தபோது முன்னெச்சரிக்கையோடு இருந்தேன். அதில் திரையை இயக்குவது விசி4 என்ற டிரைவர், முப்பரிமாணக் கணக்கைச் செய்வது வி3டி என்ற வேறொரு டிரைவர். இரண்டும் தனித்தனி கார்டுகளாகப் பதிவாகின்றன. எது முன்னால் வரும் என்பதற்கு உறுதியில்லை. வி3டி கார்டைத் திறந்து திரையைக் கேட்டால் அதனிடம் கனெக்டரே இல்லை. அங்கும் முகவரி வழியாகவே போனேன்.

மேசைத் திரைக்கு வருகிறேன். அந்தப் பேனலைக் கழற்றிவிட்டு, டிஸ்ப்ளேலிங்க் வகை யுஎஸ்பி 2.0 அடாப்டர் ஒன்றை வைத்துச் சாதாரண மானிட்டரை இணைத்தேன். இதற்கான யுடிஎல் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. யுஎஸ்பி என்பதால் மற்றொரு சோதனை தானாக வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் கதவு மோதிக் கேபிள் அசையும். பெருக்குகிறவர் கை பட்டுப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே கிராபிக்ஸ் சாதனம் காணாமல் போவதைத் தாங்குவது எந்த அமைப்புக்கும் கடினம். ஏனென்றால் கருவி போய்விட்டாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் இன்னும் உயிரோடு இருக்கிறது; அதன் கையில் உள்ள கோப்புப் பிடி கெர்னலின் நினைவிடத்தையே சுட்டிக்கொண்டிருக்கிறது.

டி.ஆர்.எம். இதைக் கையாளும் விதம் எனக்கு மிகவும் நிறைவளித்தது. வன்பொருளின் ஆயுளையும், அதைப் பற்றிக் கெர்னல் நினைவில் வைத்திருக்கும் கணக்கின் ஆயுளையும் அது இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. பிடுங்கியவுடன் அன்பிளக் என்ற செயற்கூறு சாதனத்தின் மேல் 'போய்விட்டது' என்று முத்திரை குத்துகிறது. வன்பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதிகள் வெளியேறும் வரை காத்திருக்கிறது. பிறகு பதிவை நீக்குகிறது. அதன் பின் என் நிரல் எதைக் கேட்டாலும் அப்படி ஒரு சாதனம் இல்லை என்ற பிழை எண் வருகிறது. கெர்னல் விழுவதில்லை. கணக்குக்கான நினைவிடம், கடைசிப் பிடியும் மூடப்பட்ட பிறகே விடுவிக்கப்படுகிறது. டிரைவர் எழுதுவோருக்கென்றே இரு வகை ஒதுக்கீட்டு வசதிகள் உள்ளன: டெவ்எம் என்று தொடங்குபவை வன்பொருள் போனதும் விடுபடும், டிஆர்எம்எம் என்று தொடங்குபவை கணக்கு முடியும்போது விடுபடும். எதை எதில் வைப்பது என்று தெரியாமல் எழுதிய டிரைவர்தான் கேபிளைப் பிடுங்கினால் கணினியை விழச் செய்கிறது. ஜிப் கோப்பில் வந்த பழைய டிரைவரில் உறைவதைச் சரிசெய்த பிறகும் நான் அதைக் கைவிட்டதற்கு இதுவே காரணம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. என் நிரல் பழைய பிடியை மூடாமல் வைத்திருந்தால், அதற்குரிய எண்ணும் விடுபடுவதில்லை. மறுபடி செருகும்போது அடாப்டர் அடுத்த எண்ணோடு வரும். பிழை எண் வந்தவுடன் பிடியை மூடிவிட்டு, யூடெவ் செய்திக்காகக் காத்திருந்து, மீண்டும் முகவரி வழியாகத் திறக்கும்படி மாற்றி எழுதினேன். சுமார் நாற்பது வரிகள்.

நாள்தோறும் பயன்படும் சிறு வசதிகளில், சிஸ்எஃப்எஸ்ஸில் கார்டின் பெயரோடு எச்டிஎம்ஐ-ஏ-1 என்று முடியும் அடைவில் உள்ள ஸ்டேட்டஸ் கோப்பைக் குறிப்பிட வேண்டும். திரை இணைந்திருக்கிறதா என்பதை அந்தக் கோப்பு ஒரே சொல்லில் சொல்கிறது. பக்கத்தில் உள்ள இடிஐடி கோப்பு மானிட்டர் தன்னைப் பற்றித் தந்த விவரங்களை அப்படியே வைத்திருக்கிறது. செயலாளர் தொலைபேசியில் அழைத்தால், நான் பொள்ளாச்சியில் இருந்தபடியே இந்தக் கோப்பைப் படித்து, கேபிள் கழன்றிருக்கிறதா நிரல் நின்றிருக்கிறதா என்று சொல்லிவிட முடிகிறது. இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

குறை என்று பார்த்தால், எஃப்பி-டெவ் என்ற பழைய வாசல் இன்னும் மூடப்படாமல் இருப்பதை முதலில் சொல்வேன். மலிவான பேனல்களை விற்பவர்கள் அந்த வாசலைக் காட்டியே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல என்பது லினக்ஸின் அறிந்தே எடுத்த முடிவு. ஆகவே கெர்னலுக்கு வெளியே வைத்திருக்கும் டிரைவர் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் உடையக்கூடும். அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அதன் சுமை விற்றவர் மேல் விழாமல் எங்களைப் போன்றவர்கள் மேல்தான் விழுகிறது. ஆவணங்கள் செயற்கூறு வாரியாகத் தெளிவாக இருக்கின்றன. ஒரு சாதனம் தோன்றி மறைவது வரையிலான கதையைத் தொடர்ச்சியாகச் சொல்லும் இடங்கள் குறைவு. எண் ஒதுக்கப்படும் கட்டமும் முனை தோன்றும் கட்டமும் வேறு என்பதை நான் மூல நிரலிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு வன்பொருள் எதுவும் வேண்டாம். விகேஎம்எஸ் என்ற கற்பனைத் திரை டிரைவர் 4.19 கெர்னலிலிருந்து கூடவே வருகிறது. அந்த மாட்யூலை ஏற்றினால் இல்லாத ஒரு திரை கார்டாகப் பதிவாகும், இறக்கினால் மறையும். எங்கள் ஊர்ப் பாலிடெக்னிக் மாணவர்கள் இருவருக்கு இதை வைத்தே ஒரு மாலைப் பொழுதில் முழுச் சுழற்சியையும் காட்டினேன். ஒருவர் ஏற்றி இறக்க, மற்றவர் பக்கத்துச் சாளரத்தில் யூடெவ் செய்திகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை வாசல், பேருந்து நிலையம், சங்கம் என்று நாள் முழுவதும் எரிய வேண்டிய திரைகளுக்கு இந்த அமைப்பை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பேனலோ அடாப்டரோ வாங்கும் முன் விற்பவரிடம் இதன் டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா, டி.ஆர்.எம். பிரிவில் பதிவாகிறதா என்று கேளுங்கள். விடை தெளிவாக வராவிட்டால், கடையிலேயே செருகி, படம் ஓடும்போது கேபிளைப் பிடுங்கி, மறுபடி செருகிப் பாருங்கள். சங்கத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாளன்று மாலைப் பால் அளந்து முடிந்ததும் நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். கேபிளைக் கழற்றிவிட்டு, பிழைச் செய்தி ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு செருகுகிறேன். மேசைத் திரையில் மலையாள வரியும் தமிழ் வரியும் திரும்ப வந்த பிறகே கதவைப் பூட்டுகிறோம்.